பக்கவாதத்துக்கு 'வீட்டுப் பயிற்சி கிட்' வாங்கும் முன் ஒரு நிமிடம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். "ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், நீங்களே வீட்டில் பயிற்சி செய்து கையை மீட்டுவிடலாம்" என்று சொல்லி ஒரு பெட்டியை விற்கிறார்கள். எங்களிடம் ரூ.18,500 வாங்கினார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். என் அப்பச்சியின் தோளைக் கெடுத்துவிட்டுப் போனார்களே, அதுதான் ஆறவில்லை.

அப்பச்சிக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. மதுரையில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த புதிதில் கை துவண்டு கிடந்தது, அப்புறம் மெல்ல இறுக ஆரம்பித்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொள்ளும். நகம் வெட்டப் பிரித்தால் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருக்கும், வேர்வை தங்கி வாடை வரும். இப்படி இருக்கிற வீட்டில் யார் என்ன சொன்னாலும் காது கொடுக்கத்தான் தோன்றும். அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வந்தவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அப்பச்சியின் கையை அவர் தொடவே இல்லை. பட்டாலையில் நின்றபடியே பெட்டியைப் பிரித்தார். உத்திரத்தில் மாட்ட ஒரு கப்பியும் கயிறும், பிடித்து அமுக்க ரப்பர் பந்து, அதிர்கிற மசாஜ் மெஷின், எண்ணெய் பாட்டில்கள், லேமினேட் செய்த ஒரு படம். "நல்ல கையால கயித்த இழுங்கய்யா, இந்தக் கை தானா மேல போகும். வலிச்சாத்தான் நரம்பு முழிக்கும்" என்றார். போகிற போக்கில், இறுக்கத்துக்காக டாக்டர் எழுதியிருந்த பேக்லோஃபென் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். நாங்கள் நிறுத்தவில்லை, நல்ல வேளை. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கப்பி இழுக்க ஆரம்பித்த பிறகு அப்பச்சியால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சட்டைக் கையை நுழைத்தாலே கத்துவார். கை முன்பைவிட இறுகியது. போன் செய்தால் "அது நல்ல அறிகுறி, எண்ணெய் இன்னொரு செட் வாங்கிக்குங்க" என்றார்கள். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கச்சிதான் விஷயத்தைப் புரியவைத்தது. முதலில் தோள் எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்திக் காட்டியது. அங்கே ஒரு பள்ளம். மூட்டு குழியிலிருந்து இறங்கியிருந்தது. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கையை மட்டும் மேலே இழுத்தால் நடுவில் உள்ள தசைநார் நசுங்கும் என்று சொல்லி, கப்பியை அன்றே கழற்றச் சொன்னது. அமெரிக்க இதய சங்கத்தின் 2016 பக்கவாத மறுவாழ்வு வழிகாட்டியிலேயே தலைக்கு மேலே கப்பி போட்டு இழுக்கும் பயிற்சி வேண்டாம் என்று இருக்கிறது. அதைத்தான் எங்களுக்கு மருந்தாக விற்றிருக்கிறார்கள்.

இந்த இறுக்கம் தசையில் கிளம்புவது இல்லை. தசையை அடக்கி வைக்கிற மூளையின் கட்டளை குறைந்துபோவதால் வருகிறது. வேகமாக இழுத்தால் தசை எதிர்த்து இன்னும் இறுகும், மெதுவாக நீட்டினால் இளகும். வெடுக்கென்று இழுக்கச் சொல்கிறவருக்கு இந்த அடிப்படையே தெரியவில்லை என்று அர்த்தம். பந்தும் அப்படித்தான். ஏற்கெனவே மூடிக்கொண்டே இருக்கிற கைக்குத் திறக்கத்தான் பழக்க வேண்டும், இன்னும் அமுக்கப் பழக்கி என்ன பயன் என்று அந்தப் பிள்ளை கேட்டது.

கையைத் திறக்க அது காட்டிக் கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். விரல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக, அதாவது உள்ளங்கைப் பக்கமாக மடக்க வேண்டும். விரல்கள் தானே கொஞ்சம் தளரும். கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவந்து, மற்ற விரல்களை நீட்டி, அதன் பிறகுதான் மணிக்கட்டை மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். அப்பச்சி இப்போது இதைத் தன் வலது கையாலேயே செய்கிறார். மேசையில் துண்டை விரித்து, இரண்டு கையையும் கோர்த்து முன்னால் தள்ளித் தள்ளி வருகிறார். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்க முயல்வது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் கையிழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்த முறை, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. இதற்கு ஒரு கண்ணாடி போதும், ஆயிரக்கணக்கில் செலவில்லை.

ஒரு நாள் திடீரென்று இறுக்கம் கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காலில் புண், உள்ளே வளர்ந்த நகம் என்று எதாவது இருக்கிறதா பாருங்கள் என்றும் சொன்னது. பெட்டிக்காரரின் படத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

வீட்டில் தானே பயிற்சி செய்வது தப்பே இல்லை. தினமும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்த, பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்த ஒருவர் சொல்லிக் கொடுத்து, கை மாற மாறப் பயிற்சியையும் மாற்ற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

இன்னொன்று. பக்கவாதத்தைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்களிடம் அந்த எண்ணெய் நோட்டீஸ் இருக்கிறது, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த ரசீதும் இருக்கிறது. இரண்டையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். இதே கப்பியும் படமும் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் நோட்டீஸ், ரசீது, பணம் அனுப்பிய விவரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்களும் புகார் கொடுங்கள்.