தோட்டத்து வீட்டுக்கு மாட்டுன 4 மெகாபிக்சல் கேமரா செட்டு, எட்டு மாசம் கழிச்சு எழுதறேனுங்க

காங்கேயம் பக்கம் எங்க தோட்டம், அய்யனும் அம்மாவும் மட்டுந்தான் அங்க, நான் திருப்பூர்ல வேலைல இருக்கறேன். 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்ல மூணு பேரைக் கொன்னு போட்டாங்க, அடுத்த வருசமே சிவகிரி பக்கம் வயசான புருசன் பொண்டாட்டிய. அந்தப் பயத்துல நானும் அவசரமா ஆன்லைன்ல வெலை கம்மியா ஒரு 1 மெகாபிக்சல் செட்டு வாங்கி மாட்டிட்டேன், கட்டுத்தரை, களம், கெணத்து மேடு எல்லாம் ஒட்டுக்கா போன்ல தெரியுதேன்னு நிம்மதியா தூங்குனேன்.

அப்பறம் ஒரு ராத்திரி கெணத்து மோட்டார் கேபிளை அறுத்துட்டுப் போயிட்டாங்க. ரெக்கார்டிங்ல ரெண்டு வெள்ளை உருவம் குனியுது, இழுக்குது, போவுது, மூஞ்சி இருக்கற எடத்துல மாவு அப்புன மாதிரி வெளுப்பு மட்டுந்தான். ஸ்டேசன்ல ஏட்டய்யா நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டு "ரெண்டு ஆளுன்னு தெரியுது தம்பி, இதை வச்சு யாரைன்னு தேடறது"ன்னாரு. ரெக்கார்டிங் பண்ற பொட்டி, அதான் டிவிஆர், அதோட கடிகாரம் வேற 40 நிமிசம் பின்னாடி ஓடுது, அதனால ரோட்டோரக் கடை கேமராவோட ஒத்துப் பாக்கவும் முடியல.

புதுசு மாட்ட வந்த தம்பி அப்பத்தான் கணக்குப் போட்டுக் காட்டுனாரு. பழைய கேமராவுல படத்துக்குக் குறுக்க 1280 புள்ளி (பிக்சல்), எங்க களம் 20 மீட்டர் அகலம், அப்ப மீட்டருக்கு 64 புள்ளி, ஒரு மூஞ்சிக்குப் பத்துப் புள்ளி கூட இல்லீங்க. தெரியாத ஆளை அடையாளம் சொல்ற அளவுக்கு வேணும்னா மீட்டருக்கு 250 வேணுமாம். புதுசுல 2560 புள்ளி, அதை களத்தைப் பாக்க விடாம இட்டேரி (வேலிக்கு நடுவால வர்ற வண்டித்தடம்) வந்து சேர்ற கேட்டுக்கு நேரா, தலைக்குக் கொஞ்சம் மேல மாட்டுனாரு, அந்த எடம் 5 மீட்டர்தான், மீட்டருக்கு 512 வந்துருச்சு. ராத்திரிலயும் கலர்ல தெரியறதுக்கு கேமராவுலயே வெள்ளை லைட் இருக்குது. நாலு கேமரா, ரெக்கார்டிங் பண்ற என்விஆர் பொட்டி, 2 டிபி டிஸ்க், மாட்டுகூலி எல்லாஞ்சேத்து 32 ஆயிரம் ஆச்சு. சுமார் 23 நாள் ரெக்கார்டிங் நிக்குது, நேரமும் நெட்ல இருந்து தானாவே சரி பண்ணிக்குது.

போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல கேபிள் போச்சு. எங்க கேட்டு கேமராவுல டிவிஎஸ் எக்ஸெல் வண்டில ஒருத்தன் சாக்குமூட்டையோட போறான், மூஞ்சி, கட்டம்போட்ட சட்டை, ஒடைஞ்ச இடது இண்டிகேட்டர் எல்லாமே தெளிவு. நாலு நாளைக்கு முன்னாடி பகல்ல அதே ஆளு தண்ணி கேட்டு வந்து நின்னதும் இருந்துச்சு, ஒரு வாரத்துல அழிஞ்சுபோற செட்டா இருந்தாக்கூட இது கெடச்சிருக்கும், ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஊர்ல இல்லாம பத்து நாள் கழிச்சுத்தான் திருட்டே தெரிஞ்சுதுங்க, 23 நாள் நிக்கப்போயித்தான் ரெண்டும் கெடச்சுது. எங்க கேட்டு கேமராவுல அவன் போன நேரத்தை வச்சுத்தான் மெயின் ரோட்டு கேமராவுல வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்து ஆளைப் புடிச்சாங்க. பக்கத்துத் தோட்டத்து அப்பிச்சி வந்து அய்யன் கையப் புடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஒன்னு சொல்லோணும், திருட்டு நடந்தா போன்ல திரையைப் படம் புடிச்சு வாட்ஸப்ல அனுப்பி அதோட விட்றாதீங்க. ஒரிஜினல் ஃபைலை அப்படியே எடுத்து வையுங்க, 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்கற பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63வது பிரிவுப்படி கோர்ட்டுக்கு அந்த ஃபைலோட ஹாஷ் நம்பர் (ஃபைலைத் துளி மாத்துனாலும் மாறிப்போற அடையாள நம்பர்) போட்ட சான்று குடுக்கோணும்.

கொறையும் இருக்குதுங்க. வண்டி நம்பர் ராத்திரில சரியா விழல, ஹெட்லைட் வெளிச்சத்துல பிளேட் மங்கிப் போகுது, அதுக்குன்னு தனியா குறுகலான லென்ஸ் கேமரா போடோணுங்கறாங்க, ஆடி கழிஞ்சதும் போடறதா இருக்கறேன். லைட்டுக்குப் பூச்சி வந்து, பூச்சிக்குச் செலந்தி வந்து லென்ஸ்ல வலை கட்டிருது, அம்மா வாரம் ஒருக்கா ஒட்டடக்குச்சி நுனில துணி சுத்தித் தொடச்சு விட்டுட்டு எனக்குப் போன் பண்ணி "இப்பத் தெளிவாத் தெரியுதா கண்ணு"ன்னு கேக்கறாங்க.