சென்னை – சான் பிரான்சிஸ்கோ: துபாய் வழியா, பிராங்க்பர்ட் வழியா?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேராக அளந்தால் ஏறக்குறைய 14,000 கி.மீ. ஆனால் சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது; எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். துபாய் வழி சுமார் 16,000 கி.மீ., பிராங்க்பர்ட் வழி சுமார் 16,700. தங்கை சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் சன்னிவேலில் இருக்கிறாள். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது நான் எடுத்தது பிராங்க்பர்ட் வழி.

துபாய்க்குச் சென்னையிலிருந்து தினமும் பல விமானங்கள் உண்டு, நேரத்தை நம் வசதிக்குத் தேர்ந்துகொள்ளலாம். கட்டணம் சீசனுக்கு சீசன் மாறும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கூடுதலான அந்த 700 கி.மீ. வானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

நான் பார்த்தது, பறக்கும் நேரம் எப்படிப் பிரிகிறது என்பதைத்தான். துபாய் வழியில் முதலில் 4 மணி நேரம், அப்புறம் ஒரே மூச்சில் 16 மணி நேரம். பிராங்க்பர்ட் வழியில் பத்துக்குக் கொஞ்சம் மேல், பிறகு பதினொன்றரை. கூட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்புக்கு இருக்கிறது. துபாய்க்கு ராத்திரியில் கிளம்பினால், சாப்பாடு கொடுத்து, விளக்கணைத்து, கண் அசரும்போது சீட்டை நிமிர்த்தச் சொல்வார்கள். தூக்கம் போனது போனதுதான். அதற்கு மேல் 16 மணி நேர இருக்கை. அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கால் வீங்கும். அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

பிராங்க்பர்ட் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும். சாப்பாடு முடிந்த பிறகும் ஐந்தாறு மணி நேரம் தூங்க இடம் இருக்கிறது. அங்கே இறங்கும்போது காலை. அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிதானமாக டிபன் சாப்பிட்டார். அம்மா, கால் வீங்காமல் இறுக்கிப் பிடிக்க டாக்டர் சொன்ன கம்ப்ரஷன் சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நடந்தார், ஏறுமுன் மறுபடி மாட்டிக்கொண்டார். பாதிப் பயணத்தில் இப்படி ஓர் இடைவெளி கிடைப்பது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. அந்த விமான நிலையத்தில் நடை அதிகம், மறுபடி பாதுகாப்புச் சோதனையும் வரும். முடியாதவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் அங்கே விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா தேவையில்லை.

ஹாங்காங் வழி இந்த இரண்டையும்விடத் தூரம் குறைவு, சுமார் 15,000 கி.மீ. போகும்போது பசிபிக் மேல் பின்காற்றும் உதவும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து வீசும். அந்த வழியில் நாங்கள் யாரும் போனதில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் தனியாக, இளவயதில், கைப்பையோடு போகிறவர் என்றால் துபாயே போதும், கட்டணத்தைப் பார்த்து எடுங்கள். பெற்றோருக்கு என்றால் பிராங்க்பர்ட், அதிலும் மாறுவதற்கு இரண்டரை மணி நேரமாவது இருக்கும் டிக்கெட். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவில் இருக்கட்டும், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.