தண்ணி குளுத்துற சில்லர்னு சொல்லி ஃபேன் டப்பாவ அனுப்பிட்டானுவ, 48,500 ரூவா போச்சு, பாத்து இருங்க மக்களே

கோவத்துலதான் எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க. நேத்து ராத்திரி 32 லெட்யூஸ் (சாலட் கீரை) செடியையும் பிடுங்கி தென்னமூட்டுல கொண்டு போட்டேன். வேரப் புடிச்சா கையில வழவழன்னு உரிஞ்சு வருது, சாயா கலர்ல, சாக்கட ஓட நாத்தம். பத்து நாளைக்கு முன்ன அதே வேரு நூல் கண்டு மாதிரி வெள்ள வெளேர்னு தொங்கிச்சு.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊரு பக்கம். மட்டுப்பால (மொட்ட மாடியில) மண்ணில்லாம வளக்குற பக்கெட் செட்டப் போடணும்னு ஒரு வருசமா ஆச. தெரியாதவங்களுக்குச் சொல்லிருதேன். 20 லிட்டர் பக்கெட் எட்டு, அடியில பைப்பால ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும், ஓரத்துல ஒரு டாங்க். பம்ப் அந்த டாங்க் தண்ணிய எடுத்து கடைசி பக்கெட்டுல விடும், அது எல்லாத்துலயும் ஓடி திரும்ப டாங்குக்கே வரும், வேரு ராத்திரி பகலா சத்துத் தண்ணியிலயே கெடக்கும், காத்து மோட்டார் குமிழி விட்டுட்டே இருக்கணும். மொத்தம் 200 லிட்டர்கிட்ட வரும். கோவளத்துல ரிசார்ட் கிச்சன்ல நிக்கிற கூட்டுக்காரன் ஒருத்தன் நீ போடுடே நான் எடுத்துக்கிடுதேன்னான், அந்த தைரியம்.

இதுல உள்ள வில்லங்கம் சூடு ஒண்ணுதான். தண்ணி 18லருந்து 22 டிகிரிக்குள்ள நிக்கணும். 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிச்சு வைக்கும், 30 டிகிரின்னா ஏழரைதான். சூட்டுல வேருக்கு மூச்சு அதிகமா வேணும், தண்ணியில இருக்கதோ கொறைவு, அந்த நேரம் பாத்து வேரழுகல் நொழஞ்சிரும். எல்லாத்துக்கும் ஒரே தண்ணிங்கதால ஒரு பக்கெட்டுல வந்தா எட்டுலயும் வந்தாச்சு. எங்க மட்டுப்பால ஏப்ரல் மத்தியானம் தண்ணி 32. அதனால சில்லர் இல்லன்னா இந்த சோலியே வேண்டாம்னு கடைக்காரன்ட்ட முதல் போன்லயே சொல்லிட்டேன்.

கடைன்னா, இந்தச் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, வெளியூரு. வீடியோ எல்லாம் போடுவான், ஒருபாடு பேரு பாக்குறாங்க. பேரு கேட்டு யாரும் இன்பாக்ஸ் வராதீங்க, புகார் போட்டிருக்கேன், இப்பம் சொல்ல முடியாது.

நான் கவுந்த எடம் எதுன்னு சொல்லுதேன். வீடியோ கால்ல வந்தான். ஓடிட்டு இருக்க ஒரு செட்டப்புல முழங்கை வரைக்கும் கைய விட்டு “அண்ணே பாருங்க, கை மரத்துப் போகுது”ன்னு வெளிய எடுத்து ஒதறுனான், தெர்மாமீட்டர கேமராட்ட கொண்டு வந்தான், 19. பின்னால ஒரு குட்டிப் புள்ள கீரையப் பிச்சுத் தின்னுட்டு நிக்கி. அப்புறம் “நானும் நாரோயில்லதான் பொண்ணு எடுத்திருக்கேண்ணே, நம்ம ஊருக்காரங்கள ஏமாத்துவேனா”ன்னான். இந்த ஒத்த வார்த்தையிலதான் நான் விழுந்தேன். கால் எச்பி சில்லர், பக்கெட், பம்ப், காத்து மோட்டார், சத்துப் பொடி எல்லாம் சேத்து 48,500. வீட்டுல அவ சீட்டுப் பணம் 30,000 அதுல. ஜிபேல மொத்தமா அனுப்புனேன், பில்லு பார்சல்லயே வரும்னான். பில்லு வரல, ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்துல ‘கூலிங் யூனிட் 1’னு எழுதி வந்துச்சு. கவனிங்க, சில்லர்னு எழுதல.

பார்சல் வந்த அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும். அந்த சில்லர எங்க அம்மா ஒத்தக் கையில தூக்கிட்டு மட்டுப்பா ஏறுனாவ, 64 வயசு. கம்ப்ரஸர் வச்ச மெஷின அப்பிடித் தூக்க முடியுமா? அப்பம் எனக்கு சந்தோசத்துல ஒண்ணும் ஓடல. பக்கெட்டுக்கு நடுவுல ரெண்டு இஞ்ச் பைப் வேணும், அனுப்புனது அரை இஞ்ச், வாசர் பத்தாம நாலு எடத்துல ஒழுகி எம்சீல் வச்சு அடச்சேன். அதையும் பெருசா எடுக்கல.

மாட்டி மூணு நாள் ஆச்சு, தண்ணி 31. போன் பண்ணேன், “அண்ணே ரெண்டு நாள் ஓடட்டும், புது மெஷின் செட் ஆகணும்”. ஓட்டுனேன். 31. “சார், உங்க ஊர் வெயிலுக்கு நாங்க என்ன பண்ண முடியும், நிழல் வல கட்டுங்க”. கட்டுனேன், அதுக்கொரு 2,200. பகல் 30, ராத்திரி 28. “ப்ரோ, சர்வீஸ் டீம்ட்ட பேசுங்க”. சர்வீஸ் டீம்னு குடுத்த நம்பர்ல எடுத்ததும் அதே கொரலு! நான் நீங்கதானன்னு கேட்டேன், கட் பண்ணிட்டான். அண்ணேல ஆரம்பிச்சு சார் ஆகி ப்ரோ ஆகி இப்பம் ப்ளூ டிக் மட்டும்தான். கடைசியா வந்த மெசேஜ் என்னன்னா, மெஷின நாமளே செலவு பண்ணி திருப்பி அனுப்பணுமாம், அவங்க ‘செக்’ பண்ணிட்டு சொல்லுவாங்களாம். போங்கடே.

இதுக்கு எடையில நான் ஐஸ் போட்டுப் பாத்தேன். ஒரு லிட்டர் பாட்டில் நெறய கட்டி ஐஸ், இந்த 200 லிட்டர் தண்ணிக்கு டாங்குல போட்டா அரை டிகிரிதான் எறங்குது. பத்து டிகிரி எறக்க இருபது பாட்டில், அதுவும் மறுநா வெயில் வந்தா பழையபடி. எங்க பிரிட்ஜ்ல மீன் வைக்க எடமில்லன்னு வீட்டுல சண்ட.

நேத்து சாயங்காலம் தக்கலைலருந்து மச்சான் வந்தாரு, பிரிட்ஜ் ஏசி மெக்கானிக். சில்லர் மூடியக் கழட்டி ரெண்டு நிமிசம் பாத்தாரு, சிரிக்கவும் செய்யல, “யாருடே இத குடுத்தான்”னாரு. உள்ள கம்ப்ரஸர் இல்ல, குளுத்துற கேஸ் இல்ல. தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெரிய சதுரத்துல ஒரு வெள்ளத் தகடு, சிவப்பு கருப்பு ரெண்டு ஒயர், ஒரு அலுமினியக் கட்டி, ஒரு ஃபேன். பெல்டியர் தகடாம், கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளுந்து மறுபக்கம் சூடாகுமாம், கார்ல வைக்கிற சின்ன பிரிட்ஜ்ல வருமாம். அது தலகீழா நின்னாலும் 50 வாட் சூட்டதான் வெளிய எடுக்கும். மச்சான் சுவத்துல கரிக்கட்டையால கணக்குப் போட்டாரு: 200 லிட்டர பத்து டிகிரி எறக்க, வெளிச் சூடு துளிகூட ஏறாம இருந்தாலே ரெண்டு நாள் முழுசா ஓடணும். இதுல இன்னொரு கூத்து, அவன் குடுத்த பம்ப் 45 வாட், அது தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கு, அந்தச் சூடு பூரா தண்ணிக்குத்தான். அதாவது அவன் பம்ப் சூடாக்குறத அவன் டப்பா எடுக்குது, சரிக்குச் சரி. இதுக்கா 48,500?

1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. நாரோயில்ல நுகர்வோர் கமிஷன் இருக்கு, நாம இருக்க மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. ஆனா பில்லு இல்லாம நான் அல்லாடுறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப்பும்தான் கையில.

வாங்குறவங்களுக்கு ரெண்டு மூணு சொல்லணும்னுதான் ஆரம்பிச்சேன், கை வலிக்கி. எச்பின்னு சொன்னா மூடியத் தொறந்து கம்ப்ரஸரக் காட்டச் சொல்லுங்க, என்ன கேஸ்னு கேளுங்க, எடை எத்தன கிலோன்னு கேளுங்க. பில்லு வராம முழுப்பணம் அனுப்பாதீங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. பம்ப வெளிய வைக்கிற மாதிரி வாங்குங்க, பக்கெட்டுக்கு வெள்ள பெயிண்ட் அடிங்க. அவ்வளவுதான் இப்பம் ஞாபகம் வருது.

கணக்குப் பாத்தா லெட்யூஸ் ஒண்ணுக்கு 1,500 ரூவா விழுது, அதுலயும் ஒரு எல கூட வாயில வைக்கல. அம்மா இப்பம் அந்த பக்கெட்டுல ரெண்ட குடு, ஓட்டை இருக்கு, கறிவேப்பில வைக்கேங்காவ. வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன், கேஸு முடியுற வரைக்கும் அதெல்லாம் எவிடன்ஸ்.