ஏழு வருஷமாக ஆல்ஃபாவோடு

வாலாஜாவில் எம்.எட். படிக்கும் தம்பி ஒருவர் நேற்று போனில், "சார், 40 கேள்வி, ஆல்ஃபா 0.91. ஸ்கேல் ஓகேதானே?" என்று கேட்டார். ஸ்கேல் என்றால் மனநிலையை அளக்கும் கேள்வித்தாள்; ஆல்ஃபா, அதன் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் நம்பகத்தன்மை எண். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் கணக்குப் பயத்தை அளக்க ஏழு வருஷமாக ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறேன். ஆல்ஃபா போட முதலில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள், இப்போது இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி. மென்பொருள் மாறியும் எரிச்சல் மாறவில்லை. கேள்வியைக் கூட்டினால் போதும், ஆல்ஃபா ஏறிவிடுகிறது. கேள்விகளுக்குள் சராசரி ஒட்டுறவு (ஒன்றின் பதிலோடு இன்னொன்றின் பதில் சேர்ந்து போகும் அளவு) வெறும் 0.2 என்று வையுங்கள். 10 கேள்விக்கு ஆல்ஃபா 0.71, 20க்கு 0.83, 40க்கு அதே 0.91! "கணக்கு வகுப்பில் பதறுகிறேன்", "கணக்கு பீரியடில் படபடக்கிறது" என்று ஒன்றையே மாற்றி மாற்றிக் கேட்டாலும் ஏறும். பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். பேர்ணாம்பட்டில் ஒரு பெண், பாதித் தாளுக்கு மேல் படிக்கவே இல்லை. மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனாள்.

0.70 தாண்டினால் போதும் என்று எல்லா ஆய்வேட்டிலும் உளவியல் அளவீட்டு அறிஞர் நன்னலி பெயரைப் போடுகிறார்கள். 1978இல் அவர் அதைச் சொன்னது ஆய்வின் ஆரம்பக் கட்டத்துக்கு. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க 0.90தான் குறைந்தபட்சம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியை யாரும் எடுத்துப் போடுவதில்லை. 1951இல் ஆல்ஃபா என்று பெயர் வைத்த குரோன்பாக்கே, மறைவுக்குப் பின் 2004இல் வெளியான கட்டுரையில், ஆல்ஃபா என்ற கெழுவைவிட அளவீட்டின் திட்டப்பிழையைச் சொல்வதுதான் முக்கியம் என்கிறார். ஒரு பிள்ளையின் மதிப்பெண் எத்தனை புள்ளி முன்பின் போகலாம் என்று காட்டுவது அதுதானே.

ஒரு உதவியை மட்டும் மறக்க மாட்டேன். ஒரு ராத்திரி ஆல்ஃபா படுபாதாளத்தில் கிடந்தது. பிள்ளைகள் ஏனோதானோவென்று எழுதிவிட்டார்கள் என்று விடைத்தாள் கட்டையே ஓரம்கட்ட இருந்தேன். அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்பு: ஒரு கேள்வி மற்றவற்றுக்கு எதிராகப் போகிறதாம். "கணக்கு எனக்குப் பிடிக்கும்." மற்றவை பயத்தைக் கேட்க, இது விருப்பத்தைக் கேட்கிறது; அதன் மதிப்பெண்ணை நான் தலைகீழாகத் திருப்பிப் போடவே இல்லை. திருப்பியதும் சரியாகிவிட்டது. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள்.

தம்பியிடம், "கேள்வியை 20க்குக் குறைங்க, ஒமேகாவையும் டிக் பண்ணிப் பாருங்க, மூணு வாரம் கழிச்சு அதே பிள்ளைங்ககிட்ட திரும்பக் கொடுங்க" என்றேன். ஒமேகாவும் ஆல்ஃபா போல இன்னொரு நம்பகத்தன்மை எண்; திரும்பக் கொடுப்பது, பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க. "அப்போ ஆல்ஃபா வேண்டாமா சார்?" என்றார். வேண்டும். திங்கட்கிழமை காட்பாடிக் கட்டு வருகிறது. எண்ட்ரி முடிந்ததும் நானும் அதைத்தான் முதலில் போடுவேன்.