பழைய வீட்டுச் சுவரில் அலமாரி மாட்டப்போகிறவர்கள் கவனத்திற்கு: எங்களுக்குப் போனது 1,480 வெள்ளி

1,480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து மாட்டிய சமையலறைச் சுவர் அலமாரி, இரண்டு மாதம் முடிவதற்குள், சென்ற செவ்வாய் இரவு தட்டும் கிண்ணமுமாக அடுப்பின்மேல் வந்து விழுந்தது. அந்நேரம் அடுப்படியில் யாரும் இல்லை என்பதால்தான் நிதானமாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

எங்களுடையது சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் 1970களில் கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சமையலறைத் தடுப்புச் சுவர் ஹாலோ பிளாக் எனப்படும், உள்ளே வெற்றிடம் உள்ள கல்லால் ஆனது. ஆணி அடித்தாலே சிமெண்டுப் பூச்சு மணலாகக் கொட்டும். இதை நான் மறைக்கவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியில் எங்களுக்கு அலமாரி மாட்டிய குத்தகையாளருக்கு (காண்ட்ராக்டர்) ஐந்து நட்சத்திரமும், பளபளக்கும் சமையலறைப் படங்களும், வீவகவின் குத்தகையாளர் பட்டியலில் உள்ளவர் என்ற குறிப்பும் இருந்தன. முதல் செய்தியிலேயே சுவரின் படத்தை அனுப்பி, இது தாங்குமா என்று கேட்டிருக்கிறேன். அந்த உரையாடல் இன்னும் என்னிடம் உள்ளது.

அளவெடுக்க வந்தவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் இருப்பது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இந்த மாதிரிச் சுவருக்குன்னே தனி போல்ட் இருக்குக்கா, அதத்தான் போடுவோம், பயப்படாதீங்க" என்றார். மாமியாரிடம் மன்னார்குடிப் பக்கத்துக் கதையெல்லாம் பேசி, தேநீர் குடித்துவிட்டு, அந்தத் தனி போல்ட்டுக்கென 180 வெள்ளியை விலைப்பட்டியலில் ஒரு வரியாகவே சேர்த்தார். சுவரின் தன்மை தெரிந்து, அதற்கான பொருளுக்கு விலையும் போடுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? வேலை முடிந்த அன்றே பேநவ் என்ற மின்னியல் பணப் பரிமாற்றச் சேவை வழியாக 1,480 வெள்ளியும் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

விழுந்த அலமாரியின் முதுகில் நீட்டிக்கொண்டிருந்தவை நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரணத் திருகாணிகள். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பிளக், பிடுங்கிய பல்லைப்போல அப்படியே முழுதாக வந்திருந்தது. அத்தகைய பிளக் கெட்டியான காங்கிரீட்டிலும் செங்கல்லிலும் விரிந்து இறுகும். ஹாலோ பிளாக்கில் அது பற்றிக்கொள்ள மெல்லிய ஓடு மட்டுமே உண்டு, அதற்குப் பின்னால் வெறும் காற்று. போதாக்குறைக்கு, ட்ரில்லைச் சுத்தியல் அதிர்வோடு ஓட்டியதில் அந்த ஓடும் உட்பக்கம் சிதறி, துளைக்குள் என் சுண்டுவிரல் நுழைகிறது. அலமாரியின் பாரம் நேர்கீழாக மட்டும் இறங்குவதில்லை. அது முப்பது சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் துருத்தி நிற்பதால், மேல் வரிசைத் திருகாணிகளை ஓயாமல் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்.

கூப்பிட்டுச் சொன்னதும், சாமான் அதிகம் வைத்துவிட்டீர்கள் என்றார். சமையலறை அலமாரியில் தட்டு வைக்காமல் தலையணையா வைப்பார்கள்? மறுநாள், சுவர்தான் மோசம் என்றார். அதற்காகத்தானே 180 வெள்ளி வாங்கினார்! அதன்பின், முதலாளி ஜொகூருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றார். அதுவரை அவரைத்தான் முதலாளி என்று நினைத்திருந்தோம். இப்போது வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. செயலிக்காரர்களோ, தாங்கள் இரு தரப்பையும் இணைத்துவைப்பதோடு சரி என்று எழுதி, புகாரை மூடிவிட்டு, தங்கள் சேவைக்கு நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். வீவக இணையத்தளத்தில் உள்ள குத்தகையாளர் பட்டியலில் தேடினால் அந்தப் பெயரே இல்லை.

முறையாக மாட்டுவது எப்படி என்று விரிவாக எழுதவே எண்ணியிருந்தேன். உடைந்த கண்ணாடியை இன்னும் பொறுக்கி முடிக்கவில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாலோ பிளாக்கில் அதிர்வை நிறுத்திவிட்டுத்தான் துளையிட வேண்டும். துளைக்குள் பசையைப் பிடித்துவைக்கும் வலைக்குழாயைச் செருகி, பசை செலுத்தி, போல்ட்டை நுழைத்து, பசை இறுகிய பிறகே பாரம் ஏற்ற வேண்டும். அல்லது உள்ளே போய் இறக்கை விரிக்கும் போல்ட்டைப் போட வேண்டும். அலமாரியைத் தொங்கவிட அதன் முழு அகலத்துக்கும் உலோகப் பட்டை (ரெயில்) கேளுங்கள். அருகில் காங்கிரீட் தூணோ உத்தரமோ இருந்தால் பாரத்தை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். போல்ட்டுப் பெட்டியைக் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், செயலியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. விலைப்பட்டியலையும் அந்தத் திருகாணிகளின் படங்களையும் சேர்த்து இன்றிரவே மனுவை அனுப்பப்போகிறேன். இழப்பு 1,480 வெள்ளி என்று குறித்திருக்கிறேன். உடைந்த பாத்திரங்களின் விலையை இனித்தான் கூட்ட வேண்டும்.