அக்டோபர் 28 செக் பார்சல்: கொலாச்சுக்காக வாங்கலாம், கார்டை நம்ப வேண்டாம்

செக் சுதந்திர தினத்துக்கென்று கோவை பேக்கரி ஒன்று அக்டோபர் 28-ல் மட்டும் போடும் பார்சல் இது. இரண்டு பேருக்கு 780 ரூபாய். ஆட்டுக்கறி குலாஷ் (பாப்ரிகா போட்ட கெட்டிக் குழம்பு), எட்டுத் துண்டு க்னெட்லிக் (அதற்குத் தொட்டுக்கொள்ள வேகவைத்த மாவுத் துண்டு), நாலு கொலாச் (பூரணம் வைத்த இனிப்பு பன்), காகிதத்தில் செக் கொடி, ஒரு கார்டு.

கார்டில் 'செக் குடியரசு பிறந்த நாள், வீட்டுக்கு வீடு விருந்து' என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. 1918 அக்டோபர் 28-ல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலிருந்து பிரிந்து வந்தது செக்கோஸ்லோவாக்கியா. செக் குடியரசு தனி நாடானது 1993 ஜனவரி 1-ல். அதற்கும் அங்கே லீவு உண்டு. விருந்து சங்கதிக்கு வந்தால், நம்மூர் நோம்பிக்கு ஒப்புட்டு சுடுகிற மாதிரி அந்த நாளுக்கென்று தனிப் பலகாரம் கிடையாது. ப்ராகில் விட்கோவ் குன்று நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்கள். மாலையில் ப்ராக் கோட்டையின் விளாதிஸ்லாவ் மண்டபத்தில் ஜனாதிபதி விருது கொடுப்பது டிவியில் நேரலையாக ஓடும். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். மற்றபடி சாவகாசமான லீவு நாள்தான். பார்சலில் இருப்பது அங்கே எந்த நாளும் சாப்பிடுகிற சாப்பாடு.

க்னெட்லிக்கில்தான் கைவண்ணம் தெரியும். அரை கிலோ மாவுக்கு கால் லிட்டர் பால், ஒரு முட்டை, ஈஸ்ட், உப்பு, கூடவே பழைய ரொட்டித் துண்டுகள். இதை நீளமாக உருட்டிப் பொங்கவிட்டு, மூடி போட்டு 20 நிமிடம் கொதிநீரில் வேகவைப்பது முறை. அங்கே இதற்குக் கொரகொரப்பான மாவு உண்டு. இங்கே மைதாவில் சன்ன ரவை கலந்து சமாளித்திருக்கிறார்கள், நல்ல யோசனை. வெட்டியதும் கத்தியால் இல்லை, நூலால். ஓரம் நசுங்காமல் இருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. கோட்டை விட்டது கடைசி இடத்தில். தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி ஆவியை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் நடுவில் அமுங்கிப் பசையாகும். இவர்கள் குத்தாமல், சூட்டோடு டப்பாவில் அடைத்துவிட்டார்கள். மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி மேல்துண்டுகள் நமத்துப்போயின. வீட்டில் இட்லிச் சட்டியில் துணி விரித்து நாலு நிமிடம் ஆவி காட்டினால் ஓரளவு தேறும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்.

குலாஷ் கெட்டியாவது வெங்காயத்தால். கறி எடைக்குக் கிட்டத்தட்டச் சரிசமமாகப் போட்டுக் கரைய வதக்க வேண்டும். இதில் சோளமாவு கரைத்து ஊற்றியிருக்கிறார்கள், அந்தப் பளபளப்பே காட்டிக்கொடுக்கிறது. பாப்ரிகா என்கிற சிவப்பு மிளகாய்த் தூள் மட்டும் கருகவில்லை. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தூளைப் போட்டு உடனே தண்ணீர் விடாவிட்டால் கசந்திருக்கும். ஆனால் செக் சமையலின், பார்க்கச் சீரகம் மாதிரியே இருக்கும் கேரவே விதைக்குப் பதில் நம் சீரகத்தைப் போட்டுவிட்டார்கள். அதோடு குலாஷ் கறிக்குழம்புக்குத் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. ருசி மோசமில்லை, ஊர்தான் மாறிப்போச்சு.

கொடியில் நீல முக்கோணம் பாதி நீளம் வரை வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திவிட்டார்கள். செங்குத்தாகத் தொங்கவிடுகிறவர்கள் நீலத்தை மேலே வைத்து, வெள்ளை நம் இடப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்க.

கொலாச்தான் காசுக்கு மதிப்பு. கசகசாவை முழுசாகப் போட்டால் மணல் மாதிரி நறநறக்கும்; இவர்கள் அரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அங்கத்திய நீலக் கசகசா இல்லாததால் பூரணம் வெளுப்பு, அவ்வளவுதான். மேலே தூவிய மாவு உதிரியில் ஊத்துக்குளி வெண்ணெய் வாசம் வருகிறது. பாலாடைக்கட்டி கொலாச்சில் பன்னீரை உதிர்த்துப் போட்டது திரிதிரியாக நிற்கிறது, வடிகட்டிய தயிர் பொருந்தியிருக்கும். முந்தின நாளே போனில் சொன்னால் கொலாச்சை மட்டும் தனியாகத் தருகிறார்கள், ஒன்று 60 ரூபாய். கசகசா வைத்ததையே கேளுங்க.