தோவாளைப் பூ விலைப் பக்கமும் ஜாங்கோவின் டெம்ப்ளேட் டேக்கும்

தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் மாமாவுக்காக, பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு விலைத்தளம் செய்து கொடுத்தேன். மூன்று மாதமாக ஓடுகிறது. அதில் என்னை அதிகம் அலைக்கழித்ததும், கடைசியில் ரொம்பப் பிடித்துப்போனதும் ஒன்றுதான்: நாமே எழுதிக்கொள்ளும் டெம்ப்ளேட் டேக். பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில் அதன் பெயரைப் போட்டால், அதற்கென எழுதிய பைத்தான் ஃபங்ஷன் ஓடும்.

முதல் நாள் பக்கத்தைப் பார்த்ததும் மாமா கேட்டார், "தாமரைய யாரு மக்கா கிலோவுல விப்பா?" பிச்சியும் மல்லியும் கிலோ, ரோஜா கட்டு, தாமரை எண்ணம். மாணிக்கமாலைக்கு அளவு கேட்டுத்தான் விலை சொல்வார். சரி, விற்கும் விதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம்பிள் டேக் (ஃபங்ஷன் தரும் விடையைப் பக்கத்தில் போடும் எளிய வகை) எழுதி, எந்தப் பூவுக்கு எது என்பதை டேட்டாபேஸில் வைத்தேன். டெம்ப்ளேட்டில் டேக்கின் பெயர் வரும் இடத்தில் வேரியபிளைப் போட்டேன். சின்டாக்ஸ் எரர்தான் வந்தது.

காரணம் புரிந்ததும் கோபம் போய்விட்டது. ஜாங்கோ டெம்ப்ளேட்டை முதலில் படித்துத் துண்டாக்கும்போதே ஒவ்வொரு டேக்கையும் பெயரை வைத்துத் தேடிப் பிடித்துவிடுகிறது. வேரியபிளுக்கு மதிப்பு வருவதோ அதன் பிறகு, பக்கம் ரெண்டர் ஆகும்போது.

அதனால் 'விலை காட்டு' என்று பொதுவாக ஒரே டேக் வைத்தேன். அது பூவின் விதத்தை வாங்கி, ஒரு டிக்‌ஷனரியில் பார்த்து, உரிய ஃபங்ஷனை அழைக்கும். பெயரை வைத்து ஃபங்ஷனைத் தேடித் தரும் பைத்தானின் கெட்ஆட்டர் வைத்தும் செய்யலாம்; நான் வேண்டாம் என்பேன். பெயர் டேட்டாபேஸிலிருந்து வருகிறது, டிக்‌ஷனரியில் இருப்பது மட்டும்தான் ஓட வேண்டும். அப்புறம், சிம்பிள் டேக் தரும் எச்டிஎம்எல்லை ஜாங்கோ எஸ்கேப் செய்துவிடும், அதாவது குறிகள் வெறும் எழுத்தாகவே பக்கத்தில் தெரியும். ஜாங்கோவின் ஃபார்மட் எச்டிஎம்எல் ஃபங்ஷனைக் கொண்டு திருப்பி அனுப்பினால் ஒழுங்காக வரும், பாதுகாப்பும் கெடாது.

வெறும் தோற்றம் மட்டும் மாறுகிறது என்றால் இவ்வளவு கூட வேண்டாம். இன்னொரு டெம்ப்ளேட் ஃபைலை உள்ளே கொண்டுவரும் இன்க்ளூட் டேக் வேரியபிளை ஏற்கும். ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும். ஜின்ஜா2 என்னும் வேறொரு டெம்ப்ளேட் மொழியில் ஃபங்ஷனை டெம்ப்ளேட்டிலேயே நேராக அழைக்கலாம். ஜாங்கோ 1.8 முதல் அதையும் சேர்த்து ஓட்ட முடியும். ஆனாலும் கணக்கெல்லாம் பைத்தான் ஃபைலில் இருந்து, டெம்ப்ளேட் ஒரே வரியில் நிற்பது எனக்கு நிம்மதி.

குறை என்றால் ஒன்று சொல்வேன். டேக்குகளை வைக்கும் டெம்ப்ளேட்டேக்ஸ் ஃபோல்டரைப் புதிதாகச் சேர்த்தால் சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும். அது தெரியாமல் அரை மணி நேரம் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் துளசியையும் சேர்க்க வேண்டும் என்றார் மாமா. கட்டுக் கணக்கு. அட்மின் பக்கத்தில் விதத்தை அவரே தேர்ந்தெடுத்தார், விலை சரியாக வந்தது. நான் ஒரு வரி கோடும் தொடவில்லை.